எட்டு நிமிடம் யாருக்கு?

தீயணைப்பு நிலையம் நம் வீட்டருகே இருக்க வேண்டும். ஆனால், அதன் சங்கொலி மட்டும் நம் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது. நம்மில் பலருடைய எண்ணம் இதுதான். நிலையத்தை எங்கே கட்டுவது, அவசர மருத்துவ வாகனத்தை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் பொறியாளர்களின் கணக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை இது கணக்கு மட்டுமன்று. நியாயம் பற்றிய கேள்வியும்கூட.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1964இல் ஹகிமி என்னும் ஆய்வாளர், ஒரு சாலை வலைப்பின்னலில் நிலையம் அமைக்க இரண்டு அளவுகோல்களை எடுத்துக்காட்டினார். எல்லாருக்கும் சேர்த்துச் சராசரித் தூரத்தைக் குறைப்பது ஒன்று. ஆகத் தொலைவில் இருப்பவரின் தூரத்தைக் குறைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒரே இடமாக இருப்பதில்லை. சராசரியைப் பார்த்தால் நிலையம் மக்கள் நெருங்கி வாழும் பக்கம் நகரும். கடைக்கோடியில் இருப்பவர் காத்திருப்பார். கடைக்கோடியைப் பார்த்தால் பெரும்பான்மையோர் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க நேரும். எது சரி என்பதைச் சூத்திரம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

நிலையங்களைப் பெருக்கிவிட்டால் போதாதா? நியூயார்க் தீயணைப்புத் துறைக்காக 1970களில் நடந்த ஆய்வு ஒரு விதியைத் தந்தது: சராசரித் தூரத்தைப் பாதியாக்க, நிலையங்களை ஏறத்தாழ நான்கு மடங்காக்க வேண்டும். அதே ஆண்டுகளில் அந்நகரம் செலவைக் குறைக்கத் தீயணைப்புக் குழுக்கள் சிலவற்றை மூடியது. ஏழைகள் வாழ்ந்த தென் பிராங்ஸ் வட்டாரம் தீயால் சீரழிந்தது. கணக்கைக் காட்டி ஏழைகளின் பாதுகாப்பில் கைவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை.

நம் சிங்கப்பூருக்கு வருவோம். ஹில் ஸ்திரீட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மத்தியத் தீயணைப்பு நிலையம் இன்றும் இயங்குகிறது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் தீ மூண்டபோது, அது சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. ஆயினும், நெருக்கமான அத்தாப்பு வீடுகளில் தீ பரவி, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். வரைபடத்தில் அருகே இருப்பது வேறு, வாசலை அடைவது வேறு.

அந்த வேறுபாடு இன்று அடுக்குமாடிகளில் தொடர்கிறது. தீயணைப்பு வண்டிக்கு 8 நிமிடம், மருத்துவ வாகனத்துக்கு 11 நிமிடம் என்னும் இலக்குகளை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். குடியிருப்புப் பேட்டைகளுக்குள்ளேயே சிறு தீயணைப்பு நிலைகளைக் குடிமைத் தற்காப்புப் படை அமைத்திருப்பது பாராட்டுக்குரியது. ஆனால், வாகனம் புளோக்கின் அடியில் வந்து நின்றதும் இலக்கின் கடிகாரம் நின்றுவிடுகிறது. இருபதாவது மாடியில் தனியே வாழும் முதியவரின் கடிகாரம் நிற்பதில்லை. மின்தூக்கிக்குக் காத்திருப்பதும் நேரம்தானே! இதயம் நின்றவருக்கு முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

எனவே, திட்டமிடுவோர் சராசரியோடு நின்றுவிடக்கூடாது என்பது என் கருத்து. ஆகத் தாமதமாக உதவி பெறுவோர் யார், எந்த மாடியில், எந்த வயதில் என்றும் பார்க்க வேண்டும். முதியோர் மிகுந்த பழைய பேட்டைகளுக்குக் கணக்கில் கூடுதல் எடை தர வேண்டும். அதனால் மற்றவர்கள் அரை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தாலும், அதை நாம் ஏற்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எத்தனை நிலையம் கட்டினாலும், அடுத்த வீட்டுக்காரரைவிட அருகில் எந்த வாகனமும் நிற்க முடியாது. 2015இல் வந்த மைரெஸ்பாண்டர் செயலி, அருகிலிருக்கும் தொண்டர்களை அழைப்பது இந்த எண்ணத்தில்தான். தமிழ் விழாக்களுக்கு மாதக்கணக்கில் உழைக்கும் நம் பேரவை, ஆண்டுக்கு ஒரு நாளைச் சிபிஆர் பயிற்சிக்கு ஒதுக்கக்கூடாதா? தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த பாட்டிகளுக்கு, 995ஐ அழைத்து முகவரி சொல்லக் கற்றுத்தரக்கூடாதா?

மாணவ நண்பர்களே, நிலையத்தின் இடத்தை முடிவு செய்வது நம் கையில் இல்லை. நம் புளோக்கில் முதல் உதவிக்கரமாக இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.