காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விடுகிறவர்களுக்கு

‘காய்ச்சல் விட்டுடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ இந்தக் கேள்வி எழாத வீடு இல்லை. வைரஸ் காய்ச்சலென்றால் கேள்வி நியாயமானதே. அதற்கு ஆன்டிபயாடிக் முதல் நாளே தேவையில்லை. ஆனால் மெலியாய்டோசிஸ் என்னும் பாக்டீரியா நோய் வந்து பிழைத்தவரிடம் அதையே கேட்பது அவர் உயிரோடு விளையாடுவது.

1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனையில் கண்டறிந்த நோய் இது. கிருமி சேற்றிலும் வயல் நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ நுழையும். அதிகம் அகப்படுவது சர்க்கரை நோயாளிகள். நுரையீரலில் வந்தால் காசநோய் போலவே தெரியும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும். நம் செல்களுக்கு உள்ளேயே புகுந்து பதுங்குவதுதான் இதன் சாமர்த்தியம். ஆகவே சிகிச்சைக்கு இரண்டு கட்டம்: முதலில் குறைந்தது 10 முதல் 14 நாள் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி. பிறகு குறைந்தது 3 மாதம் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை; மூளையையோ எலும்பையோ தொட்டிருந்தால் 6 மாதம்.

ஊசி காய்ச்சலை இறக்கும். பதுங்கியதைத் தீர்ப்பது மாத்திரை. ஆனால் வீடு திரும்பி, பசியெடுத்து, இரண்டு இட்லி கூடக் கேட்கிறவரை நோயாளி என்று சொந்தபந்தம் ஒப்புவதில்லை. உடம்பு தேறிய தோற்றத்தை நம்பவே முடியாத நோய் இது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தே இது வெளிப்பட்டது. ‘வியட்நாம் டைம் பாம்’ என்றே பெயர் வைத்தார்கள். தாய்லாந்தில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர்களும், நோய் திரும்புவதற்கும் மாத்திரையை எத்தனை வாரம் சாப்பிட்டார்கள் என்பதற்கும் நெருங்கிய தொடர்பைக் கண்டார்கள்.

‘டாக்டருக்குக் கமிஷன்’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. கோ-ட்ரைமாக்சசோல் மிகப் பழைய, மலிவான மாத்திரை. அதை மூன்று மாதம் எழுதிக்கொடுத்து யாரும் கார் வாங்கிவிட முடியாது.

‘கிட்னி போயிடும்’ என்ற பயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. இந்த மாத்திரைக்குப் பக்கவிளைவுகள் உண்டு: தோலில் தடிப்பு வரலாம், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், அணுக்கள் குறையலாம். இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுப்பார். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று நிறுத்துவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

டாக்டர்களையும் சும்மா விடுவதற்கில்லை. ‘மூன்று மாதம்’ என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் கிறுக்கிவிட்டு, எதற்காக என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பினால், மாத்திரை அலமாரியில்தான் கிடக்கும்.