பிடுங்கிய கையேட்டைத் திருப்பிக் கொடுங்கள்

திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் கையேடு ஒன்றை தேசிய கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) 2021 இறுதியில் வெளியிட்டது. வெளியான சில நாட்களுக்குள் அது மறைந்துபோனது. எதிர்ப்புக் குரல் எழுந்தது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கையேட்டில் குறை கண்டு கடிதம் எழுதியது. நிபுணர்கள் கூடி ஆய்ந்து எழுதிய ஆவணத்தை நிறுவனம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. இது கோழைத்தனம். ஆண்டுகள் ஓடியும் திருத்தப்படாததால் இன்று அது பிள்ளைகளுக்கு இழைக்கும் துரோகமாக வளர்ந்து நிற்கிறது.

கையேட்டில் அப்படி என்ன இருந்தது? ஒரு பிள்ளை தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வதைப் பிறந்த உடலை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது என்ற விளக்கம் இருந்தது. அச்சமில்லாமல் போய்வரக் கழிப்பறை, சீருடையில் சற்று நெகிழ்வு, கேலிக்கு ஆளாகும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் காப்பது என்ற வழிகாட்டுதல் இருந்தன. ஆணையமோ பாலினப் பிரிவில்லாத கழிப்பறையை ஆட்சேபித்தது. குழந்தைகளுக்குத் தேவையற்ற மன உளைச்சல் வரும் என்றது. எழுதிய நிபுணர்களின் பின்னணியைக் கேள்வி கேட்டது. மன உளைச்சலில் தவிக்கும் பிள்ளையின் பக்கம் நிற்பதற்காகவே 2007-இல் அமைக்கப்பட்ட ஆணையம் அது. தன் கடமையை மறந்து, அந்தப் பிள்ளைக்கு நீண்ட ஒரே கையைத் தட்டிவிட்டது.

சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2021 ஜூன் 7 அன்றுதான் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான உத்தரவைப் பிறப்பித்திருந்தார். பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. அந்த வழக்கில் தீர்ப்பெழுதும் முன் நீதிபதி ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்து, தனக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதை உத்தரவிலும் வெளிப்படையாகப் பதிவு செய்தார். காவல்துறை, சிறைத்துறை, மருத்துவத் துறை, பள்ளி, கல்லூரி என்று ஒவ்வொன்றுக்கும் அவர் வழிகாட்டினார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும்; விண்ணப்பப் படிவத்தில் திருநருக்கும் இடம் வேண்டும்; சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள வழி வேண்டும்; இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொண்ட மனநல ஆலோசகர் வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொன்னார். டிசம்பரில் கையேடு பறிபோன செய்தி அதே நீதிமன்றத்துக்கு வந்தது. நீண்ட ஆய்வுக்குப் பின் உருவான ஒன்றை மிரட்டலுக்குப் பணிந்து அவசரமாகக் கைவிட்டதை நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். ஆட்சேபணை இருந்தால் பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்றார்.

நீதிபதியே உட்கார்ந்து பாடம் கேட்ட விஷயத்தை ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் கற்கக் கூடாது என்று தடுக்க எவருக்கும் உரிமை கிடையாது.

இங்கே பேசுவது பெருநகரப் பள்ளிகளைப் பற்றி மட்டும் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். காஞ்சிபுரம் அருகே உள்ள கூரத்திலிருந்தும் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். நடை கொஞ்சம் மென்மையாக இருந்தால் ‘ஒன்பது’ என்று பெயர் விழுகிறது. பேருந்தில், மைதானத்தில், கழிப்பறை வாசலில் அந்தப் பெயர் கூடவே வருகிறது. சென்னையில் பிள்ளைக்கு ஒரு தொண்டு நிறுவனமாவது கிடைக்கும். கிராமத்தில் ஆசிரியரை விட்டால் வேறு யாரும் இல்லை. அந்த ஆசிரியருக்காக எழுதப்பட்ட கையேட்டைத்தான் டெல்லியில் பிடுங்கினார்கள்.

யுனெஸ்கோ நிறுவனம் சென்னை சகோதரன் அமைப்போடு சேர்ந்து தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. பாலியல், பாலின சிறுபான்மையினரான 371 இளைஞர்களிடம் பள்ளி அனுபவத்தைக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி, தள்ளு என்று உடல் ரீதியான வன்முறைக்கு ஆளானவர்கள் 60 விழுக்காடு. தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள் 43 விழுக்காடு. இந்த எண்ணின் முன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தொடக்கப் பள்ளி என்றால் ஆறு வயதிலிருந்து பத்து வயது. ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்று கேட்பவர்கள், அந்த வயதில் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று கேட்டதுண்டா? நடந்ததைப் பள்ளி நிர்வாகத்திடம் சொன்னவர்கள் 18 விழுக்காடுதான். அப்படிச் சொன்ன பலருக்கும் கண்டுகொள்ளாமல் விடு, உன் நடையை மாற்றிக்கொள் என்ற அறிவுரையே பதிலாகக் கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை நிறுத்தியதற்கு இந்தக் கொடுமையே முக்கியக் காரணம் என்றார்கள். 2011 கணக்கெடுப்பில் திருநரின் எழுத்தறிவு 56 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 74. இந்த இடைவெளி வகுப்பறைகளில் உண்டானது. அங்கேயே அதைச் சரிசெய்யவும் வேண்டும்.

2022 பிப்ரவரியில் ஃபரிதாபாத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பாலின அடையாளத்தைச் சொல்லிச் செய்த கேலியைத் தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டான். கையேடு பறிக்கப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சாவுக்கு இன்னது மட்டுமே காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு பிள்ளை பக்கத்து வகுப்பில் இருக்கும்போது என்ன செய்வது என்று ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்க மறுத்தவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பாலின அடையாளம் பற்றிப் பள்ளியில் பேசுவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது, வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கூரமே விடை சொல்லும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, இவ்வூரில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கிக் கொடுத்த செய்தியைப் பொறித்து வைத்திருக்கிறது. ஊரே உட்கார்ந்து கேட்ட அந்தப் பாரதத்தில் சிகண்டி இல்லாமல் பீஷ்மர் சாயவில்லை. அருச்சுனன் ஓராண்டு பிருகன்னளையாக விராடன் அரண்மனையில் இளவரசிக்கு ஆடல் கற்றுக்கொடுத்தான். இன்றும் காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கிறது. சிறுவர்கள் முன்வரிசையில் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கதையில் இடம் இருந்ததால் வாழ்க்கையில் மரியாதை கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை. கிடைக்கவில்லை என்பதால்தான் இந்தத் தலையங்கம். ஆனால் கூத்து மேடையில் பிள்ளைகள் பார்ப்பதைப் பள்ளியில் பேசினால் பண்பாடு கெடும் என்பது பொய்.

இனித் தமிழ்நாட்டு அரசிடம் வருவோம். 2008-இல் நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. 2011 முதல் ஏப்ரல் 15 திருநங்கையர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2019-இல் இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் செய்யும் அறுவைச் சிகிச்சையைத் தடைசெய்த மாநிலமும் இதுவே. திருநங்கையான நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜின் வாழ்க்கையைப் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வைத்தது; அதைப் படித்த எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. இவ்வளவு செய்த அரசு பள்ளி வாசலில் வந்து தயங்கி நிற்பது ஏன்? 2025 ஜூலை 31-இல் வெளியிட்ட மாநிலக் கொள்கை திருநர், இடைப்பாலினத்தவரோடு நின்றுவிட்டது. தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் அதற்குள் வரவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் பிடியிலிருந்து அவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6-இல். அந்தத் தீர்ப்பை மக்களிடம் பரவலாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் ஒன்றிய அரசுக்குச் சொல்லப்பட்டது. பள்ளிகளில் அதன் ஒலி கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பள்ளிப் பிள்ளைதான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. டெல்லியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், பாடநூல்களில் பாலின அடையாளம் பற்றிய பாடம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சென்றார். 2025 செப்டம்பர் 1 அன்று ஒன்றிய அரசுக்கும் என்.சி.இ.ஆர்.டி.க்கும் சில மாநிலங்களுக்கும் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருக்கிறது. சமூகநீதியைப் பேசும் மாநிலத்துக்கு இது தலைகுனிவு.

2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. 2020-இல் வந்த விதிகள் ஒரு படி மேலே போய், ஆசிரியர்களுக்குப் புரிதல் பயிற்சியையும் பாடத்திட்டத்தில் மாற்றத்தையும் கோருகின்றன. துன்புறுத்தலுக்கு ஆளான திருநர் மாணவர் முறையிடக் கல்வி நிறுவனங்களில் குழு வேண்டும் என்கின்றன. ஆக, இந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் ஒரு விழிப்புணர்வு நாள் நடத்துவது யாருடைய சலுகையும் தயவும் அன்று. சட்டம் ஏற்கெனவே கேட்டிருப்பதில் மிகச் சிறிய ஒரு பகுதி.

கனடாவில் 2007-இல் இளஞ்சிவப்புச் சட்டை போட்டு வந்ததற்காக ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் கேலி செய்து மிரட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் கடைக்குப் போய் அதே நிறச் சட்டைகளை வாங்கி வந்து சக மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். இன்று அது பல நாடுகளில் ஒரு நாளாகவே அனுசரிக்கப்படுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்த நெஞ்சுரம் உண்டு. ஆனால் விழிப்புணர்வு நாள் நடத்தலாமா என்று ஒரு மாணவி போய்க் கேட்டால், அனுமதி கொடுக்கத் தலைமையாசிரியர் எந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொள்வார்? மேலிடத்து உத்தரவு இல்லாமல் அவர் ஒரு கூட்டம் நடத்தி, மறுநாள் நாலு பேர் வாசலில் வந்து கத்தினால் அவரோடு நிற்க யார் இருக்கிறார்கள்? சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் பேசிய பேச்சால் 2024 செப்டம்பரில் எழுந்த புயலுக்குப் பிறகு, பள்ளி நிகழ்ச்சி என்றாலே தலைமையாசிரியர்கள் இருமுறை யோசிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பொறுப்பைத் தூக்கவேண்டிய தோள் துறையுடையது.

விழிப்புணர்வு நாள் எது என்பதிலும் தெளிவு வேண்டும். பாலியல், பாலின சிறுபான்மையினர் மீதான வெறுப்புக்கு எதிராக உலகம் அனுசரிக்கும் மே 17 நமக்குக் கோடை விடுமுறை. ஏப்ரல் 15 ஆண்டுத் தேர்வு நேரம். டிசம்பர் 10 மனித உரிமை நாள் அரையாண்டுத் தேர்வோடு மோதுகிறது. நவம்பர் 14 குழந்தைகள் நாளும் நவம்பர் 20 உலகக் குழந்தைகள் நாளும் வரும் வாரம் பொருத்தமானது. வன்முறையில் மாண்ட திருநரை நினைவுகூரும் நாளும் அதே நவம்பர் 20.

எப்படி நடத்துவது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். தவறாக நடத்தினால் நடத்தாமல் இருப்பதைவிடக் கேடு. வகுப்பில் மென்மையாகப் பேசும் ஒரு பையனை மேடையேற்றி, இவனைப் போன்றவர்களிடம் அன்பு காட்டுங்கள் என்று சொன்னால் அவன் மறுநாள் பள்ளிக்கு வரமாட்டான். எந்தப் பிள்ளையையும் அடையாளம் காட்டக் கூடாது; யாரையும் தன்னைப் பற்றிச் சொல்லும்படி கேட்கக் கூடாது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரிடம் பேச்சு. அவர்களின் அச்சத்தைக் காது கொடுத்துக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பின்பே மாணவர்கள். சட்டம் என்ன சொல்கிறது, கேலி என்ன செய்யும், கூடப் படிக்கும் பிள்ளை அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பாசிரியரே சொல்லட்டும். திட்டமிடும் இடத்தில் மாணவர்கள் இருக்கட்டும். அவர்கள் வரையட்டும், நாடகம் போடட்டும். பள்ளிகளில் உள்ள ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியில் விழும் சீட்டை யார் பிரிப்பது, அதில் எழுதியது வெளியே கசியாமல் எப்படிக் காப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். 14417, 1098 ஆகிய உதவி எண்களில் எதிர்முனையில் பேசுபவருக்கும் இதே பயிற்சி வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே விதித்தது. அந்த மண்ணிலிருந்து கணக்குக் கேட்கிறோம். என்.சி.இ.ஆர்.டி. 2021-ஆம் ஆண்டுக் கையேட்டை மீண்டும் வெளியிட வேண்டும். எந்த வரியிலாவது அறிவியல் பிழை இருந்தால் காரணத்தோடு திருத்தி வெளியிட வேண்டும். யார் சொல்லி எடுத்தார்கள் என்பதைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். குழந்தைகள் உரிமை ஆணையம் தன் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சாக்குச் சொல்லாமல், என்ன செய்யப்போகிறோம், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கொள்கையில் விடுபட்ட தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறை டெல்லிக்காகக் காத்திருக்காமல் தமிழில் தனக்கென ஒரு கையேடு அச்சிட்டு, மாணவர்கள் கேட்டால் விழிப்புணர்வு நாளுக்கு அனுமதி மறுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். வரும் நவம்பர் 14-க்கு முன் அந்தச் சுற்றறிக்கை காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசையிலும் இருக்க வேண்டும்.