சுக்கான் பிடிக்க எத்தனை பாட்டரி?

பாய்மரப் படகை ஓட்டும் காற்றுக்கு விலை கிடையாது. ஆனால் அதே படகைத் திசை மாறாமல் செலுத்துவதற்கு இன்று பலர் மின்சாரத்தைச் செலவிடுகிறார்கள். வேடிக்கையாக இல்லையா, மாணவர்களே?

ஒருவரோ இருவரோ வாரக்கணக்கில் கடலில் செல்லும்போது இரவும் பகலும் சுக்கானைப் பிடித்திருக்க முடியாது. உறங்க வேண்டும்; சமைக்க வேண்டும். ஆகவே மின்னணுத் தானியங்கிக் கருவியைப் பொருத்துகிறார்கள். படகு விலகுவதைத் திசைகாட்டி உணர்கிறது. சிறிய கணிப்பொறி கணக்குப் போடுகிறது. மோட்டார் சுக்கானைத் திருப்புகிறது. முதல் இரண்டுக்கும் மின்சாரம் சொற்பமே போதும். பசியெல்லாம் மோட்டாருக்குத்தான்.

எவ்வளவு பசி? 12 வோல்ட் கருவி ஒன்று சராசரியாக 3 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 72 ஆம்பியர்-மணி ஆகிறது. 100 ஆம்பியர்-மணி கொள்ளும் ஈய-அமில பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். மாலை 6 மணிக்கு முழு பாட்டரியோடு தொடங்கினால், மறுநாள் காலை 11 மணிக்கு முன்பே அந்தப் பாதி தீர்ந்துவிடும். இருளில் வரும் பெரிய கப்பலுக்கு நம்மைக் காட்டும் விளக்கும், உதவி கேட்கும் வானொலியும் அதே பாட்டரியை நம்பித்தான் இருக்கின்றன!

இன்னொரு பாட்டரி வை, சூரிய மின்தகடு போடு என்பார்கள். மின்தகட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மோட்டார் ஏன் இவ்வளவு உழைக்கிறது என்று முதலில் கேட்க வேண்டாமா? பல நேரங்களில் பாய்களைச் சரியாக வைக்காததே காரணம். பெரிய பாய் அளவுக்கு மீறி விரிந்திருந்தால் படகு காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கும். மோட்டார் ஓயாமல் அதை மறுபக்கம் இழுக்கும். ஒருபக்கம் இழுக்கும் சைக்கிளை ஓட்டியவர்களுக்கு அந்தக் கைவலி தெரியும். பாயைச் சற்றுச் சுருக்கினால் இழுப்பு குறையும், மின்செலவும் குறையும்.

1968இல் இங்கிலாந்திலிருந்து 'சுஹைலி' என்னும் படகில் தனியாகப் புறப்பட்டவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். (அந்தப் படகு நம் பம்பாயில் கட்டப்பட்டது.) காற்றால் இயங்கிய அவருடைய தானியங்கிச் சுக்கான் ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது உடைந்துபோயிற்று. அவர் பாய்களைச் சமன்செய்து, படகைத் தன்போக்கில் செல்லவிட்டு உறங்கினார். எங்கும் நிற்காமல் 312 நாட்களில் உலகைச் சுற்றி முடித்தார்.

நீண்ட பயணத்தில் முதல் இடம் காற்றுக் கருவிக்கே என்பது என் கருத்து. இன்று பரவலாக உள்ள வகையில், காற்றில் நிற்கும் மெல்லிய பலகை ஒன்று இருக்கும். படகு விலகினால் காற்று அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வு நீரிலுள்ள துடுப்பைச் சற்றே திருகும். ஓடும் நீர் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ள, கயிறு சுக்கானை இழுக்கும். படகின் வேகம் கூடக்கூட இழுக்கும் வலிமையும் கூடும். மின்சாரம் ஒரு துளியும் வேண்டாம். மின்னணுக் கருவிக்கு இடமில்லாத 2022ஆம் ஆண்டு கோல்டன் குளோப் பந்தயத்தில், நம் அபிலாஷ் டோமி 236 நாட்களில் உலகைச் சுற்றி 2023இல் இரண்டாவதாக வந்தார்.

காற்றுக் கருவிக்கும் குறை உண்டு. அது காற்றைத்தான் அறியும், வடக்கு தெற்கை அறியாது. நள்ளிரவில் காற்று திசை மாறினால் படகும் சத்தமின்றித் திரும்பிவிடும். காற்றே இல்லாமல் என்ஜினில் செல்லும் நாளில் அது சும்மா நிற்கும். அன்றைக்கு மின் கருவியை முடுக்கலாம். என்ஜின் ஓடும்போது பாட்டரியும் நிறைந்துகொண்டுதானே இருக்கும்!