கூடம் கோணலா?

அமெரிக்காவில் 'பூல்' ஆட்டக்காரர்கள் இருவர் கூடினால், பேச்சு பந்தை விட்டுக் கோலுக்குத் தாவிவிடுகிறது. 'கியூ' என்னும் அந்தக் கோல் சுமார் 58 அங்குல நீளம். இரு துண்டாகச் செய்து, நடுவே திருகாணியால் இணைக்கிறார்கள். அங்குலத்துக்கு 14 மரையுள்ள திருகாணியே உத்தமம் என்பது ஒரு கட்சி. 18 மரை என்பது எதிர்க்கட்சி. முன்துண்டு மேப்பிள் மரமா, கார்பன் இழையா என்பது தனி வழக்கு.

கோலின் நுனி பந்தைத் தொட்டிருப்பதோ விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரந்தான். பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது அது குறியினின்று எவ்வளவு விலகும் என்பதைப் பெரும்பாலும் நுனியை ஒட்டிய சில அங்குலங்களின் எடையே தீர்மானிக்கிறது. பக்கவாட்டில் எழும் அசைவு, 29 அங்குலத்துக்கு அப்பால் உள்ள திருகாணியை எட்டுமுன் பந்து புறப்பட்டுவிடுகிறது. ஆகவே முன்துண்டைப் பற்றிய வழக்கில் பொருள் உண்டு. திருகாணி வழக்கில் அவ்வளவு இல்லை.

ஆனாலும் திருகாணியைப் பொறுத்துக் கைக்கு எட்டும் அதிர்வும் காதுக்கு எட்டும் ஓசையும் மாறலாம். மனத்துக்கிசைந்த கோலைப் பிடித்தவன் தயங்காமல் அடிப்பான். அந்தத் தைரியத்துக்காக நாலு காசு அதிகம் கொடுப்பதை நாம் குறை கூறமாட்டோம். குறி தப்பியதும் திருகாணியைக் கழற்றிப் பார்க்கிறவரைக் கண்டால்தான், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை நமக்கு நினைவு வருகிறது.