மிதப்பு உங்கள் மூச்சில் இருக்கிறது

மாணவ நண்பர்களே, குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோவிலைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வட்டாரத்துக் கருங்கல்லில் சுண்டைக்காய் அளவுச் சில்லு ஒன்றைக் கண்மாயில் போடுங்கள், மூழ்கிவிடும். ஓர் ஆள் தூக்கத் திணறும் வாழை மரமோ மிதக்கும். காரணம் எடை அன்று, அடர்த்தி. கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு. இதெல்லாம் நீங்கள் படித்ததுதான். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் பிழையின்றி எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவீர்கள். ஆனால், உங்கள் உடல் மிதக்குமா, மூழ்குமா? என் கல்லூரி மாணவர்களிடம் இதைக் கேட்டாலே வகுப்பு மௌனமாகிவிடுகிறது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் எடை 50 கிலோகிராம் என்று கொள்வோம். மிதக்க வேண்டுமானால் உங்கள் உடல் 50 கிலோகிராம் தண்ணீரை, அதாவது சுமார் 50 லிட்டரை, விலக்க வேண்டும். மூச்சை நிறைய இழுத்தால் உடலின் கனஅளவு ஏறத்தாழ 51 லிட்டர். ஆகவே 1 லிட்டர் அளவு உடல் நீருக்கு வெளியே நிற்கும். மல்லாந்து படுத்தால் மூக்கும் வாயும் வெளியே இருக்க அது போதும். மூச்சை முழுவதும் விட்டாலோ சுமார் 3 லிட்டர் குறைந்துவிடும், அப்போது மூழ்குவீர்கள்.

தண்ணீரின் அடர்த்தியும் மாறக்கூடியதே. 4 டிகிரி செல்சியஸில் அது உச்சம்; 30 டிகிரியில் 0.4 சதவீதம் குறைவு. நம் 50 லிட்டர் கணக்கில் இது ஒரு தம்ளர்தான். உப்பின் பங்கு பெரிது. கடல்நீர் பொதுவாக நன்னீரைவிட 2.5 சதவீதம் அடர்த்தி மிக்கது. எனவே கோட்டைப்பட்டினம் பக்கம் கடலில் இறங்கினால் இன்னும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வெளியே நிற்கலாம். அதுவும் ஒரு முழு மூச்சுக்கு ஈடாகாது.

இனி, நீரில் தத்தளிப்பவரை எண்ணிப் பாருங்கள். இரு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு அலறுகிறார். ஒரு கையின் எடை சுமார் 2.5 கிலோகிராம். வெளியே இருக்கக்கூடியது 1 லிட்டர். அவர் தூக்குவதோ 5 லிட்டர். தலை உள்ளே போகாமல் என்ன செய்யும்? அலறலில் மூச்சும் போய்விடுகிறது.

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் கண்மாயிலும் கைவிட்ட கல்குவாரிக் குழியிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராமல் இருப்பதில்லை. முன்பெல்லாம் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். அடர்த்தி என்ற சொல் தெரியாமலே மிதக்கத் தெரிந்தது. இன்று சொல் தெரிகிறது, மிதக்கத் தெரியவில்லை. மிதத்தல் பாடத்தின் செய்முறையைக் கண்ணாடி முகவையோடு முடிக்கக் கூடாது என்பது என் கருத்து. நீச்சல் தெரிந்த பெரியவர் அருகில் நிற்க, இடுப்பளவு நீரில், கைகளை நீருக்குள்ளேயே விரித்து, மூச்சை நிரப்பி மல்லாந்து கிடக்க ஒவ்வொரு மாணவரும் மாணவியும் பழக வேண்டும்.

நண்பன் மூழ்கினால் நீங்கள் குதிக்காதீர்கள். 5 லிட்டர் காலி எண்ணெய் கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள். அது ஏறத்தாழ 5 கிலோகிராமைத் தாங்கும். தலையின் எடை அதற்குள்தான். மூடியை இறுக்க மறவாதீர்கள்.