வெளியே ஒரு கார்டு தேவைதானா?

விஞ்ஞானம் விரைந்து வளரும் காலம் இது. நாம் மூச்சு வாங்க ஏறிப் பார்த்த செஞ்சிக் கோட்டையை, கணினித் திரையில் கல் கல்லாக எழுப்பிக் காட்டவும் முடிகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டுக் கோட்டை நம் செஞ்சி ஒன்றே. அது முதல் அவலூர்பேட்டைப் பெண்களாகிய எங்களுக்கு முப்பரிமாணப் படம் வரைவதில் ஆசை பிறந்துவிட்டது. ஆசைக்குக் குறுக்கே நிற்பது எது தெரியுமா? கிராபிக்ஸ் கார்டு!

இது விளையாட்டுப் பேச்சு அன்று. கட்டடக்கலையோ அனிமேஷனோ படிக்க விரும்பும் அக்காமாரின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அதுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேணுமாமே, நமக்கு எதுக்கும்மா?" என்பதுதான். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். (அண்ணன்மார் கேட்டால் மட்டும் ஏனோ முடிவதில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) இந்நிலையில், இருக்கிற மடிக்கணினிக்கு வெளியே ஒரு கார்டைப் பொருத்தினால் போதும் என்று யாராவது சொன்னால் எங்கள் காதில் தேன் பாய்கிறது. ஆனால் அதை நம்பி நகையை அடகு வைக்கலாமா?

கணினியின் தலைமைச் சில்லு சில கணக்குகளை மிக விரைவாகப் போடும். கிராபிக்ஸ் கார்டோ ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் போடும். கோட்டைச் சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் வெயில் எப்படி விழும் என்று கணக்கிட இதுவே ஏற்றது. மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் தனிக் கார்டு இருப்பதில்லை. எனவே மேசைக் கணினிக்குரிய கார்டை ஒரு பெட்டியில் வைத்து, தனி மின்சாரம் கொடுத்து, ஒரு கம்பியால் மடிக்கணினியோடு இணைக்கிறார்கள். 2015-இல் வந்த தண்டர்போல்ட் 3 என்னும் இணைப்பு இதை எளிதாக்கிற்று.

சிக்கல் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மதகு சிறிதானால் கடைமடை காயும் அன்றோ? மேசைக் கணினியில் கார்டுக்குப் பொதுவாக 16 வழித்தடங்கள் உண்டு. தண்டர்போல்ட் 3-இல் கிடைப்பவை நான்கே. ஆகவே கார்டு எவ்வளவு உயர்ந்ததாயினும் வேகம் சற்றுக் குறையும். கார்டு போட்ட படத்தை அதே கம்பி வழியே மடிக்கணினியின் திரைக்குத் திருப்பி அனுப்பினால் இன்னும் குறையும். தனித் திரையைக் கார்டிலேயே செருகுவது நல்லது. விளையாட்டுகளில் விவரங்கள் ஓயாமல் போய் வருவதால் இழப்பு அதிகம். பிளெண்டரில் ஒரு காட்சியைத் தீட்டும்போது விவரம் பெரும்பாலும் ஒருமுறை உள்ளே போய்விடும். பிறகு கார்டு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எனவே படம் வரைகிற எங்களைப் போன்றோருக்கு இந்த ஏற்பாடு, விளையாடுகிறவர்களைக் காட்டிலும் அதிகம் உதவும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சரி, நம் வீடுகளில் உள்ள மடிக்கணினி எது? 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்று வந்த விலையில்லா மடிக்கணினிதான் பலருக்கும் உண்டு. அதில் தண்டர்போல்ட் கிடையாது. பின்மூடியைக் கழற்றி, வைஃபை கார்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பியைச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே கிடைப்பது ஒரே ஒரு வழித்தடம். வைஃபையும் போயிற்று, மூடியும் மூடாது! அந்தப் பழைய சில்லுக்கும் குறைந்த நினைவகத்துக்கும் புதுக் கார்டு வாங்குவது, மாட்டு வண்டியில் லாரி எஞ்சினைப் பூட்டுவது போன்றது. வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

புது மடிக்கணினி வைத்திருப்போரும் சற்றுப் பொறுக்க வேண்டும். யூஎஸ்பி-சி வாய் இருப்பதால் மட்டும் அது தண்டர்போல்ட் ஆகிவிடாது. வாயருகே மின்னல் குறி உண்டா என்று பார்த்து, கணினியின் விவரத்தாளிலும் சரிபார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2018-இல் தன் கணினிகளில் வெளிக் கார்டை அனுமதித்தது. 2020-இல் தன் சொந்தச் சில்லுடன் வெளியிட்ட கணினிகளில் அவ்வசதியைத் தரவில்லை. இன்னொன்று, மின்சாரம். கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும். வெளிக் கார்டுக்குப் பேட்டரி ஏது? அது அணையும்போது மடிக்கணினியும் திகைத்து நின்றுவிடலாம். சேமிக்காத வேலை போனதுதான். நம் ஊர்ப்பக்கம் யூபிஎஸ் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அப்படியானால் வெளிக் கார்டு யாருக்கு? தண்டர்போல்ட் உள்ள நல்ல மடிக்கணினி ஏற்கெனவே கையில் இருந்து, பகலில் அதைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று, இரவில் வீட்டு மேசையில் கனமான வேலை செய்கிறவருக்கு. அவர் தாராளமாக வாங்கட்டும். மற்றவருக்கு, பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தை மேசைக் கணினியில் போட்டால் அதே கார்டு 16 வழித்தடங்களோடு வேலை செய்யும்.

ஆகவே நம் பள்ளிக் கணினி அறையில் கார்டு பொருத்திய மேசைக் கணினி ஒன்றை வைத்து, மாலையில் ஒரு மணி நேரம் முறை வைத்துத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிளெண்டருக்கு விலை இல்லை. 2002 முதல் அது யாவர்க்கும் பொது. வடிவத்தை வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியிலேயே பழைய பதிப்பில் வரைந்து கொண்டுவரலாம். வெயிலும் நிழலும் தீட்டும் கடைசி வேலைக்கு மட்டும் பள்ளிக் கணினி போதும். முதலில் கோட்டையின் தானியக் களஞ்சியத்தை எடுத்துக்கொள்வோம். கல்யாண மகாலைவிட அதன் வளைந்த கூரை வரைய எளிது.