தரைக்கு அடியில் கிடந்த நினைவு

நினைவு குறித்த ஆய்வு என்றதும் பலருக்கும் இருபதாம் நூற்றாண்டே முதலில் தோன்றுகிறது. ஸ்பெயினைப் பொறுத்தவரை, 1936இல் தொடங்கிய உள்நாட்டுப் போரும், பிராங்கோவின் ஆட்சியும், பெயரின்றிப் புதைக்கப்பட்டோரின் குழிகளும் அவ்வாய்வின் மையப் பொருள்களாகிவிட்டன. 2007இலும் 2022இலும் அந்நாடு இயற்றிய நினைவுச் சட்டங்கள் இரண்டும் அக்காலத்தைப் பற்றியவையே. இந்நிலையில், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய இலக்கியத்தில் நினைவு எவ்வாறு இயங்கிற்று என ஆராய்பவர் பழம்பொருள் சேகரிப்பவராகவே கருதப்படுகிறார். இக்கருத்து பிழையானது. எவருடைய நினைவை ஓர் அரசு காக்கிறது, எவரை மறக்கும்படி பணிக்கிறது என்னும் கேள்விகளை அந்த இரு நூற்றாண்டுகளை விட்டுவிட்டு முழுமையாகக் கேட்க இயலாது.

அன்று நினைவு மருத்துவத்தின் பொருளாகவும் இருந்தது. மூளையின் ஈரமே நினைவுக்கு ஆதாரம், வறட்சியே பகுத்தறிவுக்கு ஆதாரம், ஆகவே ஒருவரிடம் இரண்டும் ஒருங்கே ஓங்கி நிற்பது அரிது என்று மருத்துவர் ஹுவான் உவார்த்தே 1575இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 1605இல் செர்வாண்டிஸ் படைத்த டான் குயிக்சாட்டின் மூளையும் உறக்கமின்றிப் படித்துப் படித்தே வறண்டு போகிறது. ஆயினும் அடிபட்டுத் தரையில் கிடக்கும்போது அவர் வாயில் பழைய கதைப்பாடல்கள் தங்குதடையின்றி வருகின்றன. தாம் யார் என்பது மட்டும் நழுவிவிடுகிறது. நாயகனின் ஊர்ப்பெயரை நினைவுகூரத் தனக்கு விருப்பமில்லை என்று கதைசொல்லி தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறான். எசமானின் காதல் கடிதம் எழுதப்பட்ட குறிப்பேட்டை வாங்காமலே புறப்பட்டுவிடும் சாஞ்சோ, அதனை மனத்திலிருந்து ஒப்பிக்க முயன்று சிதைத்துவிடுகிறான். இவற்றைத் தொடர்பறுந்த வேடிக்கைகளாக அல்லாமல், நினைவைப் பற்றிய ஒரு நீண்ட சிந்தனையாகவே படிக்கவேண்டும் என்பதை அவுரோரா எகிதோ போன்ற அறிஞர்கள் நன்கு நிறுவியுள்ளனர்.

ஆனால் அச்சிந்தனை வெற்றிடத்தில் எழவில்லை. அதே ஸ்பெயினில் நினைவு ஒரு தண்டனையாகவும் இருந்தது. சமய விசாரணை மன்றத்தால் தண்டிக்கப்பட்டோர் அணிந்த இழிவு அங்கிகள் அவர்களின் பெயருடன் தேவாலயங்களில் தொங்கவிடப்பட்டன. துணி நைந்துபோனால் புதியன மாட்டப்பட்டன. பேரன் காலத்திலும் ஊரார் அக்குடும்பத்தின் களங்கத்தை மறக்கலாகாது என்பதே நோக்கம். சிலரது களங்கம் இவ்வாறு புதுப்பிக்கப்பட, வேறு சிலருக்கு மறதி ஆணையாக வந்தது. கிரனாதாவில் 1567இல் அறிவிக்கப்பட்ட அரசாணை, கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான முஸ்லிம்களின் வழித்தோன்றல்களான மொரிஸ்கோக்கள் மூன்றாண்டுகளுக்குள் காஸ்தில்ய மொழியைக் கற்று, அரபு பேசுவதையும் எழுதுவதையும் கைவிடவேண்டும் என்றது. உடை, பெயர், குளியலறை என எல்லாவற்றையும் அது தொட்டது.

அவ்வாணைக்கு எதிராக முதியவரான பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே எழுதிய விண்ணப்பம் மொழியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய ஆவணம். மொழி வேறு, சமயம் வேறு என்பது அவர் வாதத்தின் அச்சு. கிழக்கு நாடுகளின் கிறித்தவர்கள் அரபு பேசியும் கிறித்தவர்களாகவே இருக்கிறார்கள் என்று அவர் சான்று காட்டினார். மலைக்கிராமங்களில் அரபன்றி வேறறியாத முதியோர் எங்ஙனம் புதுமொழி கற்பர் என்று வினவினார். அவர் குரல் செவிசாய்க்கப்படவில்லை. 1568இல் அல்புஹார்ராஸ் மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3,00,000 மொரிஸ்கோக்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

1615இல் வெளியான டான் குயிக்சாட்டின் இரண்டாம் பாகம் இதனைக் கடந்து செல்லவில்லை. வெளியேற்றப்பட்ட ரிக்கோத்தே, யாத்திரிகர் வேடத்தில், தான் புதைத்துவைத்த செல்வத்தை எடுக்கத் திரும்பி வருகிறான். தன் பழைய அண்டை வீட்டுக்காரனான சாஞ்சோவிடம் அவன் தூய காஸ்தில்ய மொழியில் பேசுகிறான். எங்கிருந்தாலும் ஸ்பெயினை எண்ணியே அழுவதாகச் சொல்கிறான். அரசனின் முடிவையும் அவனே புகழ்வது வாசகரை இன்றுவரை தடுமாற வைக்கிறது. அப்புகழ்ச்சி தணிக்கைக்கு அஞ்சியதா, அங்கதமா, செர்வாண்டிஸின் சொந்தக் கருத்தா என்ற விவாதம் ஓயவில்லை. எது எவ்வாறாயினும், அரசு வெளியேற்றிய ஒருவனைக் கதை மீண்டும் உள்ளே அழைத்து வந்து பேசவிட்டது.

புதைத்து வைத்தது ரிக்கோத்தே மட்டுமல்லன். 1884இல் சரகோசா மாகாணத்தின் அல்மோனசித் தே லா சியெர்ரா என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, போலித் தரைக்கு அடியிலிருந்து கையெழுத்துச் சுவடிகள் வெளிப்பட்டன. சில அழிந்தன, எஞ்சியவற்றின் பெரும்பகுதி இன்று மாட்ரிட்டில் உள்ளது. அவற்றுள் பல அல்ஹமியாதோ வகையின: மொழி ஸ்பானியம், எழுத்து அரபு. அரபுத் தமிழை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பு புதிதன்று. தம் முன்னோரின் மொழியை இழந்த மக்கள், இழக்க மனமில்லாத எழுத்தில், தமக்கு எஞ்சிய மொழியை எழுதிவைத்தனர்.

இதன் மறுபக்கம் துனிசில் கிடைக்கிறது. அங்கு அடைக்கலம் புகுந்த பெயரறியா மொரிஸ்கோ ஒருவர் ஸ்பானிய மொழியில் எழுதிய நூலில் லோபே தே வேகாவின் செய்யுள்களை எடுத்தாள்கிறார். தம்மை விரட்டிய நாட்டின் கவிதையை அவர் கடல் கடந்தும் காத்திருக்கிறார். போர்த்தோ ரிக்கோ அறிஞர் லூசே லோபெஸ் பரால்ட் அச்சுவடியை ஆராய்ந்து, இல்லற இன்பம் குறித்த அதன் பகுதியை முன்னிட்டு, 'ஒரு ஸ்பானியக் காமசூத்திரம்' என்னும் தலைப்பில் 1992இல் நூலாக்கினார்.

இவ்வளவும் பழங்கதை எனத் தள்ளுவோர் 2015ஆம் ஆண்டின் சட்டமொன்றை நோக்கவேண்டும். 1492இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்கு ஸ்பெயின் அவ்வாண்டில் குடியுரிமைக்கு வழி திறந்தது. மூதாதையரின் மொழியைக் காத்து வந்தமையும் அதற்குரிய சான்றுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அது போற்றத்தக்க சட்டம். ஆனால் மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. மொரிஸ்கோ வம்சத்தை நிறுவுவது கடினம் என்று இதற்குக் காரணம் கூறலாம். அக்கடினத்தை உண்டாக்கியது யார்? பெயரை மாற்று, மொழியை விடு, எழுத்தை எரி என்று ஆணையிட்ட அரசே, நானூறு ஆண்டுகளுக்குப் பின் சான்று எங்கே என்று கேட்பது நேர்மையாகாது. சான்றின்மைதான் அங்கு நடந்ததற்குச் சான்று.

இங்குதான் இலக்கிய ஆய்வாளரின் பணி இன்றியமையாததாகிறது. விசாரணை மன்றத்தின் கோப்புகள் ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. அவை பெரும்பாலும் விசாரித்தவரின் நினைவு. விசாரிக்கப்பட்டவரின் நினைவை நாவலிலும் சுவடி ஓரத்திலும் எழுத்து மாறாட்டத்திலும் தேடவேண்டியுள்ளது. அதற்கு ஸ்பானியம் மட்டும் போதாது. அரபு மட்டும் போதாது. ஆயின் உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டையும் தனித்தனித் துறைகளில் அடைத்துவைத்துள்ளன. 1609இல் வரையப்பட்ட எல்லையைப் பாடத்திட்டங்கள் அறியாமலே காத்து வருகின்றன.

இந்தியாவுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானியமும் அரபும் ஒரே மொழிப்புலத்தின் இரு மையங்களில் கற்பிக்கப்படுகின்றன. ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் இரண்டும் உள்ளன. ஒரு மொழியைப் பல எழுத்துகளில் எழுதுவதும், ஓர் எழுத்தில் பல மொழிகளை எழுதுவதும் இந்நாட்டு மாணவருக்கு அன்றாட அனுபவம். ஸ்பானிய முதுகலை மாணவர் ஒருவர் அரபு எழுத்தை ஓராண்டு கற்க வழிசெய்தால், அல்ஹமியாதோ பக்கமொன்றைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடலாம். அதற்குப் புதுத் துறையோ பெருநிதியோ தேவையில்லை. ஒரு விருப்பப்பாடமும், இரு மையங்களின் ஆசிரியர்கள் சேர்ந்து அமரும் ஒரு மேசையும் போதும்.